இராமன் ஆண்டால் என்ன?

“இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன!” இந்தப் பழமொழிக்கு வயது எத்தனை என்று கணக்கிட்டார் இல்லை. ஆனால் அதற்கு மூப்பும் இல்லை, மரணமும் இல்லை. தேநீர்க் கடையிலே கேட்கிறோம். திருமணப் பந்தலிலே கேட்கிறோம். இரயில் பெட்டியிலே கேட்கிறோம். டில்லியிலே மந்திரிசபை அமைகிறது, கவிழ்கிறது. வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படுகிறது. மசோதாக்கள் மளமளவென்று நிறைவேறுகின்றன. செய்தித்தாளைப் படித்து முடித்தவர் அதை மடித்து வைத்துவிட்டு, பெருமூச்சோடு இந்தப் பழமொழியைச் சொல்கிறார். பக்கத்திலிருப்பவர் தலையை ஆட்டுகிறார். அத்துடன் அன்றைய அரசியல் ஆராய்ச்சி முற்றுப் பெறுகிறது!

இது சலிப்பா, ஞானமா, அல்லது சங்கடத்திலிருந்து தப்பிக்கும் சாமர்த்தியமா? நாட்டின் அரசியலைப் பற்றிச் சாதாரணக் குடிமகன் கொண்டிருக்கும் கருத்தை ஒரே வாக்கியத்திலே சொல்லுக என்றால், பெரும்பாலோர் வாயில் வருவது இதுவே. ஆகவே இதைச் சற்று உரசிப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

பழமொழியைப் பழிப்பதற்கு முன்பு, அது பிறந்த வீட்டைப் பார்ப்போம். அரண்மனையிலே யார் அமர்வது என்பதில் குடிசைக்குப் பங்கு இல்லாத காலம் அது. வாள் வென்றவன் வந்தான், வரி கேட்டான், விளைச்சலில் ஒரு பகுதியை வண்டியிலே ஏற்றிக்கொண்டு போனான். வந்தவன் பெயர் மாறிற்று, வண்டியின் பாரம் மாறவில்லை. வெயிலையும் வெள்ளத்தையும் போல ஆட்சியும் மேலிருந்து வந்து விழும் ஒன்றாயிருந்த நாளில், உழவன் அப்படிச் சொன்னதிலே பொய்யில்லை. கேட்கப்படாதவன் கருத்துக் கூறாதிருப்பதைக் குற்றம் என்று எவரே சொல்வர்!

வெள்ளையர் ஆட்சியின் கடைசிக் காலத்திலே கூட நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த மாகாணத் தேர்தல்களிலே, ஏறத்தாழ 3 கோடிப் பேருக்கு மட்டுமே ஓட்டு இருந்தது. சொத்து இருக்கவேண்டும், அல்லது வரி கட்டவேண்டும், அல்லது படித்திருக்கவேண்டும். கூலி வேலை செய்து பிழைப்பவனுக்கும், ஏடறியாத ஏழைக்கும், அவர்கள் வீட்டுப் பெண்டிருக்கும் நாட்டின் போக்கைப் பற்றி வாய் திறக்கச் சட்டமே இடம் தரவில்லை.

1950இலே அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1951 அக்டோபரில் தொடங்கி 1952 வரை நீடித்த முதல் பொதுத் தேர்தலிலே, பட்டியலில் இடம் பெற்றோர் 17 கோடிக்கு மேல். இருபத்தோரு வயது நிரம்பியிருந்தால் போதும். நிலம் வேண்டியதில்லை, நெற்றியிலே குறி வேண்டியதில்லை, படிப்பும் வேண்டியதில்லை. படிக்கத் தெரியாதோர் பெரும்பான்மையாக இருந்ததால், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டியின் மீது சின்னத்தை ஒட்டினர். கல்வியற்ற கூட்டத்தின் கையிலே நாட்டை ஒப்படைப்பதா என்று பதறினவர் பலர் உண்டு. அவர்களிலே நன்றாகப் படித்தவர்களே அதிகம்.

அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடுகின்ற ஒரு செய்தி உண்டு. பட்டியல் தயாரிக்க வீடு வீடாகச் சென்றபோது, வடபுலத்து மாநிலங்கள் சிலவற்றிலே பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். அந்நிய ஆடவனிடம் பெயரைச் சொல்வது குலவழக்கம் அல்ல என்று வளர்க்கப்பட்டவர்கள். “இன்னாரின் மனைவி”, “இன்னாரின் மகள்” என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென் இதற்கு உடன்படவில்லை. ஓட்டு ஒருவரின் உரிமை. அதை “இன்னாரின் மனைவி” பெறமுடியாது. பெயருள்ள ஒருத்திதான் பெறமுடியும் என்பது அவர் நிலை. அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். இறுதியிலே ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர்.

இருபத்தெட்டு லட்சம்! நீக்கியது சரியா என்று இன்றும் வாதிடலாம். பல நூற்றாண்டுப் பழக்கத்தின் பாரத்தைச் சுமந்து நின்ற பேதையைத் தண்டித்ததாகாதா என்று கேட்பதிலே நியாயம் உண்டு. எனினும் பெயரில்லாமல் பட்டியலிலே சேர்த்திருந்தால், அடுத்த தேர்தலிலும் அதற்கடுத்த தேர்தலிலும் அவள் “இன்னாரின் மனைவி”யாகவே இருந்திருப்பாள் என்று நாம் எண்ணுகிறோம். இராமன் ஆண்டால் என்ன என்று கேட்கக்கூட முதலில் “நான்” என்று ஒருத்தி இருக்கவேண்டும் அல்லவா? அந்த “நான்” அவளிடமிருந்து திருடப்பட்டிருந்தது. திருடியது டில்லி சர்க்கார் அல்ல. அவள் வீட்டுக் கூடம்.

ஆக, பெயர் வந்தது, ஓட்டு வந்தது. 1989 முதல் பதினெட்டு வயதினருக்கும் வந்தது. பழமொழி மட்டும் போகவில்லை! அதை இன்று உரக்கச் சொல்பவர் யார் என்று பார்த்தால் வியப்பு மேலிடும். ஓட்டுச் சாவடியிலே வெயிலில் வரிசையாக நிற்பவர் கூலிக்காரர், நெசவாளர், கட்டட வேலை செய்யும் பெண்கள். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலிலே தமிழ்நாடு முழுமைக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் ஓட்டளித்தனர். தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் அது ஏறத்தாழ 54 தான். கல்லூரிகளும் நூலகங்களும் மலிந்த இடம். ஓட்டுச் சாவடி கூப்பிடு தூரத்திலே உள்ள இடம்! நகரத்துப் பட்டியலிலே வீடு மாறினவர் பெயரும் கிடக்கும் என்பர். அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி இடைவெளிதான்.

இவர்களிலே பலர் பழமொழியைக் கூடச் சொல்வதில்லை. “அரசியல் ஒரு சாக்கடை” என்பார்கள். சொல்லும்போது மூக்கைச் சுளித்துக்கொள்வார்கள். நாம் அவர்களைக் கேட்கிறோம்: சாக்கடை என்பது தானாக ஊற்றெடுத்து ஓடுவதா? அதிலே ஓடுவது எந்த வீட்டு அழுக்கு? வரியை மறைக்க வழி தேடும் வணிகர், விதியை மீறி மாடி கட்ட ஆள் பிடிக்கும் கனவான், மகனுக்கு இடம் வாங்கச் சிபாரிசு தேடும் தந்தை, இவர்கள் வீட்டுக் கழிவு அதிலே கலக்கவில்லையா? அழுக்கை வெளியே விடுவது ஒருவர். அள்ளுவது பிறப்பினால் சபிக்கப்பட்ட மற்றொருவர். மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தே நிற்பவர் தூய்மையானவர்! இந்த ஏற்பாட்டை நம் நாடு தெருவிலே மட்டும் வைத்திருக்கவில்லை, சிந்தனையிலும் வைத்திருக்கிறது. சாதி முறையிலே கற்ற பாடம் அரசியலைப் பற்றிப் பேசும்போதும் நாவிலே வந்துவிடுகிறது. தீண்டாதிருப்பதே தூய்மை என்ற பாடம்!

எவரும் வேண்டாம் என்பதும் ஒரு கருத்துதானே என்று கேட்கலாம். ஆம், கருத்துதான்; 2013 செப்டம்பரிலே உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டு, இயந்திரத்திலே அதற்கென ஒரு பொத்தானும் வைக்கச் செய்தது. வெயிலிலே நடந்து போய் அந்தப் பொத்தானை அழுத்தியவரை நாம் மதிக்கிறோம். அவர் வீட்டிலே படுத்திருந்தவர் அல்லர். ஆனால் அந்தப் பொத்தான் எத்தனை இலட்சம் பெற்றாலும், வேட்பாளர்களிலே முந்தியவரே வென்றவர் என்பதையும் மறப்பதற்கில்லை.

சலிப்பு வானத்திலிருந்து குதித்ததல்ல என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாடாளுமன்ற மண்டபத்தைச் சாதாரணக் குடிமகன் படத்திலே பார்க்கிறான். சர்க்காரை அவன் நேரிலே பார்க்கும் இடம் வேறு. கிராம நிர்வாக அலுவலரின் மேசை. தாலுகா அலுவலகத்துத் திண்ணை. ரேஷன் கடையின் கம்பிச் சன்னல். பட்டா மாறுதலுக்குப் பத்து நடை. வாரிசுச் சான்றிதழுக்கு ஏழு நடை. “ஐயா இன்று வரமாட்டார்”, “அந்தத் தாள் இல்லையே”, “அடுத்த வாரம் வந்து பார்”. டில்லியின் பொருளாதாரக் கொள்கையைப் பற்றிய அவனது தீர்ப்பு அந்தச் சன்னலின் முன்னே எழுதப்படுகிறது. எந்தக் கட்சி ஆண்டபோதும் அதே சன்னல், அதே “அடுத்த வாரம்” என்றால், இராமன் ஆண்டால் என்ன என்று அவன் கேட்பதிலே அனுபவத்தின் நெடி இல்லையா?

சன்னலின் இருபுறமும் நிற்பவர் யார் யார் என்பதிலேதான் குழப்பம். சட்டத்தின் மொழியிலே அலுவலகத்தில் இருப்பவர் பொது ஊழியர். வெளியே நிற்பவர் பொதுமக்கள். அதாவது உள்ளே வேலைக்காரர், வெளியே எசமானர்! ஆனால் நம் நாவிலே அவர் “அதிகாரி”. மாவட்டத்தின் தலைவரை இன்னும் “கலெக்டர்” என்கிறோம். 1772இலே வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலே, நிலவரி வசூலிப்பதற்காகவே உண்டாக்கப்பட்ட பதவி அது. வசூலித்தவன் போய்விட்டான், பெயர் நின்றுவிட்டது. எசமானர் எழுதும் மனுவையோ படித்துப் பாருங்கள்! “உயர்திரு ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு”, “தாழ்மையுடன்”, “கருணை கூர்ந்து”, “என்றென்றும் நன்றி மறவேன்”. எதற்கு? தன் தகப்பன் இறந்ததற்குச் சான்று பெற! இறந்தது உண்மை, சான்று தருவது கடமை. இதிலே கருணைக்கு என்ன வேலை?

“கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்டு உத்தியோகம்” என்பது நம் வீடுகளிலே வழங்கும் மற்றொரு பழமொழி. முதல் பழமொழியைச் சொல்லும் அதே வாய்தான் இதையும் சொல்கிறது. மகன் தேர்வு எழுதும்போது அவன் எத்தனை பேருக்குத் தொண்டு செய்வான் என்று எவர் வீட்டிலே கேட்கிறார்கள்? நிரந்தர ஊதியம், கைகட்டி நிற்கும் கூட்டம், திருமணச் சந்தையிலே ஏறும் விலை, இவையே கணக்கு. வாங்கும் சம்பளத்துக்கு மேலே கிடைப்பதையும் சேர்த்தே பெண் வீட்டார் விசாரிப்பதுண்டு! நாம் இப்படி வளர்த்து அனுப்பும் பிள்ளைதான் நாளை சன்னலுக்கு அப்பால் உட்கார்ந்து பக்கத்து ஊர்க்காரனை “அடுத்த வாரம் வா” என்கிறான். அவன் வேறு நாட்டிலிருந்து இறக்குமதியானவன் அல்லன்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. தனக்கு உரியதைப் பெறக் கைக்கூலி கொடுப்பவன் குற்றவாளியா? கொடுக்காவிட்டால் பட்டா கிடைக்காது, பட்டா இல்லையேல் கடன் கிடைக்காது, கடன் இல்லையேல் விதைப்பு இல்லை. கழுத்திலே கத்தி வைத்தவனிடம் பணத்தைக் கொடுத்தவனைத் திருடன் என்பரோ! சட்டமும் இந்த இடத்திலே தடுமாறித்தான் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இலே திருத்தியபோது, கொடுப்பதும் தனிக் குற்றம் என்றனர். ஆனால் வற்புறுத்தலுக்கு ஆளாகிக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிலோ விசாரணை அமைப்பிலோ புகார் செய்தால் அவருக்கு விலக்கு உண்டு என்றனர். ஏட்டிலே அழகான விலக்கு! ஆனால் மீண்டும் அதே அலுவலகத்துக்கு அடுத்த மாதம் போகவேண்டியவனின் அச்சத்தை ஏழு நாளிலே போக்கும் மருந்து எது என்று சட்டம் சொல்லவில்லை.

எனினும் அச்சத்தால் கொடுப்பவனையும் அவசரத்தால் கொடுப்பவனையும் ஒரே தட்டிலே வைக்க நமக்கு மனமில்லை. வரிசையிலே நாற்பது பேர் நிற்க, நோட்டை மடித்து நீட்டிவிட்டு முதலில் உள்ளே போகிறவன், அந்த நாற்பது பேரின் நேரத்தை விலைக்கு வாங்குகிறான். இவனே மாலையிலே ஊழலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான்!

ஓட்டுக்குப் பணம் என்ற நோயும் இதன் உறவுதான். 2019 ஏப்ரலிலே வேலூர் மக்களவைத் தொகுதியில், ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் இருக்கையில் தேர்தலே ரத்தாயிற்று. பெருந்தொகை பிடிபட்டதே காரணம். மக்களவைத் தேர்தல் வரலாற்றிலே இப்படி ஒரு தொகுதிக்கு நேர்ந்தது அதுவே முதல் தடவை. ஆகஸ்டிலேதான் அங்கே தேர்தல் நடந்தது. “அவன் கொள்ளையடித்த நம் பணம்தானே, கொஞ்சம் திரும்பி வருகிறது, வாங்கிக்கொண்டு நமக்குப் பிடித்தவனுக்கே போடுவோம்” என்று வாதிடுவோர் உண்டு. புத்திசாலித்தனமான வாதம்! ஆனால் கொடுத்தவனுக்கும் அது தெரியும். அவன் வாங்குவது ஓட்டை அல்ல. அடுத்த ஐந்தாண்டுகளிலே கணக்குக் கேட்கும் வாயை. “கொடுத்தாயிற்றே!” என்று சொல்லும் உரிமையை. வெறுங்கையோடு நின்று “எங்கே எங்கள் சாலை?” என்று கேட்பவனுக்கும், வாங்கிக்கொண்டு நின்று கேட்பவனுக்கும் குரலிலே வேறுபாடு உண்டு.

கணக்குக் கேட்பது என்றோம். கேட்டவர்கள் உண்டு, அவர்கள் பட்டம் பெற்றவர்களும் அல்லர். இராஜஸ்தானிலே, வறட்சி நிவாரண வேலைகளிலே கல் சுமந்தவர்களுக்கு முழுக் கூலி கிடைப்பதில்லை. நீங்கள் செய்த வேலை அளவிலே குறைவு என்றனர். அளந்த புத்தகத்தைக் காட்டுங்கள் என்றார்கள் அம்மக்கள். அது சர்க்கார் இரகசியம் என்று பதில் வந்தது! வெள்ளையன் 1923இலே ஒற்றர்களுக்கு அஞ்சி இயற்றிய இரகசியச் சட்டத்தின் நிழல், மண் சுமந்தவளின் கூலிக் கணக்கின் மீதும் விழுந்தது. அந்த மக்களோடு சேர்ந்து நின்றவர்களிலே ஒருவர் அருணா ராய். 1946இலே சென்னையிலே பிறந்தவர், 1968இலே இந்திய ஆட்சிப் பணியிலே சேர்ந்து, ஆறேழு ஆண்டுகளிலே அதை உதறிவிட்டுச் சென்றவர். சன்னலுக்கு உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். அது நம் நாட்டிலே அடிக்கடி நிகழ்வதல்ல. 1990 மே முதல் நாளன்று உழைப்பாளர்களும் உழவர்களும் சேர்ந்து மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைக் கண்டனர்.

1994 டிசம்பரிலே கோட் கிரானா என்ற சிற்றூரிலே மக்கள் மன்றம் ஒன்று கூடிற்று. எப்படியோ கிடைத்த கணக்கு நகல்களை உரக்கப் படித்தனர். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி பெற்றார் என்று வாசிக்கப்பட்டது. பெயருக்குரியவர் கூட்டத்திலிருந்து எழுந்து, நான் அங்கே போனதே இல்லையே என்றார். மாண்டவர்களின் பெயரும் கூலிப் பட்டியலிலே இருந்தது. முடிந்ததாகக் கணக்கிலே எழுதப்பட்ட கட்டடம் முடியாமல் நின்றது. பெயரைச் சொல்லத் தயங்கி ஓட்டை இழந்தவர்களின் மாநிலங்களிலே இராஜஸ்தானும் ஒன்று; நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே மண்ணிலே, தம் பெயரைக் கூப்பிடக் கேட்டு எழுந்து, “அது பொய்” என்று பெண்களும் சொன்னார்கள். இதைவிடச் சிறந்த அரசியல் பாடம் எந்தப் பல்கலைக் கழகத்திலே நடந்தது?

1996இலே பியாவர் நகரிலே நாற்பது நாள் தெருவிலே உட்கார்ந்தனர். ஊரார் தானியமும் காய்கறியும் கொடுத்தனர். 1997இலே தமிழ்நாட்டுச் சட்டமன்றம், மாநிலங்களிலே முதலாவதாக, தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று; விலக்குகள் மலிந்த சட்டம்தான், எனினும் முதல் அடி. இராஜஸ்தான் 2000இலே இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. கல் சுமந்தவர்கள் எழுப்பிய கேள்வி டில்லிவரை நடந்து போய்ச் சேர்ந்தது! இராமன் ஆண்டால் என்ன என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்குமா?

போய்க் கேளுங்கள் என்று ஏட்டிலே எழுதுவது எளிது. நமக்கு அது தெரியும். கிர் காட்டை ஒட்டி நடந்த சட்டவிரோதச் சுரங்க வேலைகளைப் பற்றிக் கணக்குக் கேட்ட அமித் ஜேத்வா, 2010 ஜூலையிலே, குஜராத் உயர் நீதிமன்றத்தின் எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கேட்டதற்காக அடிபட்டவர்களும் உயிரிழந்தவர்களும் இன்னும் பலர். வெறுப்பை எவரும் சுடுவதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பவனை எவரும் மிரட்டுவதில்லை. அவன் பத்திரமாக வீடு போய்ச் சேர்கிறான். 2019இலே தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே வகுக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டபோதும், அவன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பெருமூச்சுதான் விட்டிருப்பான்.

அந்தச் சட்டத்தின் ஆறாம் பிரிவிலே நமக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. தகவல் கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. மத்திய அரசின் அலுவலகமாயின் பத்து ரூபாய் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. முப்பது நாளிலே பதில். உயிரோ விடுதலையோ சம்பந்தப்பட்டதானால் நாற்பத்தெட்டு மணி நேரத்திலே. கருணை வேண்டாம், காரணம் வேண்டாம். சட்டம் எசமானரை எசமானர் என்றே அழைத்துவிட்டது. ஆயினும் அந்த விண்ணப்பத்தை எழுத உட்காரும் நம்மவர், முதல் வரியிலே “உயர்திரு ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, தாழ்மையுடன்” என்றே தொடங்குகிறார்.